தண்ணி காட்டுதல்

கறுப்புக் காலுறையில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்று கட்டிலுக்கு அடியிலும் இல்லை, துவைக்கப் போட்ட கூடையிலும் இல்லை.

"இந்த நீலத்தைப் போட்டுக்கங்க," என்றாள் அவள்.

"ஒரு கால் கறுப்பு, ஒரு கால் நீலமா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஷூவுக்குள்ள இருக்கறதை யாரு பாக்கப் போறா? லாரி ஓட்டப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று சாயங்காலம் எல்லாரும் பார்த்தார்கள்.

சரக்கை இறக்கிவிட்டுக் காலி லாரியோடு திரும்பும்போது மழை பிடித்திருக்கிறது. சாலையின் தாழ்வான ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் குடித்திருக்கவில்லை, தூங்கவில்லை, போனில் பேசவில்லை. எல்லாவற்றையும் விசாரித்து முடித்த இன்ஸ்பெக்டர் கடைசியில் அவளிடம் சொன்னார்: "வண்டி தண்ணி மேல மிதந்துடுச்சும்மா. மிதக்கற வண்டிக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது."

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். அவளுக்கு அது டயர் என்று பட்டது. இன்ஸ்பெக்டரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, டயரைப் பற்றிக் கேட்டாள். டயரில் ஓடுகிற பள்ளம் தேய்ந்தால் என்ன ஆகும், காற்று குறைந்தால் என்ன ஆகும், காலி வண்டி ஏன் சீக்கிரம் மிதக்கிறது என்று குடைந்தாள். அவர் அலுத்துப்போய் ஒருநாள், "நீங்க பேசாம என் வேலைக்கே வந்துடுங்கம்மா," என்றார்.

அவள் லாரி முதலாளியிடம் போனாள். உதவி கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் மேஜை டிராயரை இழுத்தார்.

"அது இல்லைங்க. அடுத்த மழைக்கு முன்னாடி மத்த டிரைவருங்களுக்கு இதைச் சொல்லணும். நம்ம வண்டி இன்னொண்ணு மிதக்கக் கூடாது."

"சொல்லிட்டாப் போச்சு."

"யாரு சொல்றது?"

முதலாளி அறையைச் சுற்றிப் பார்த்தார். அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் எதையும் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறக்கிறவர். அதே வேகத்தில் ஒரு முடிவும் எடுத்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. ஒரு மேஜை, ஒரு நாற்காலி போடச் சொல்றேன். மாசாமாசம் சம்பளம். ஆனா ஒண்ணு, டிரைவருங்களுக்குப் புரியற வரைக்கும்தான் இந்த நாற்காலி. புரிஞ்சதுக்கு அப்புறம் ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?"

வீட்டில் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இருந்தாலும் அவளுக்கு அந்தப் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. புரியவைத்தால் போதும். ஒரு வண்டியும் மிதக்காமல் அந்த மழைக்காலம் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு நாற்காலி இருந்தால் என்ன, போனால் என்ன!

இறந்துபோனவர் டிரைவர்கள் எல்லாருக்கும் அண்ணன். ஆகவே முதல் நாளிலிருந்தே அவள் எல்லாருக்கும் அண்ணி.

அண்ணி அன்றே ஒரு நோட்டீஸ் எழுதி, டிரைவர்கள் உட்காரும் அறையில் ஒட்டினாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று பேசுகிற சொற்களிலேயே எழுதியிருந்தாள்.

'டிரைவர்கள் கவனத்துக்கு. தண்ணியில் வேகம் கூடாது. தண்ணி அதிகமானால் மிதப்பீர்கள். காலியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் மிதப்பீர்கள். மிதக்கும்போது பிரேக் பிடிக்காது. தண்ணியைக் கண்டதும் நிதானத்துக்கு வாருங்கள்.'

மத்தியானம் ஒரு கூட்டம் அவள் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவர் சங்கத்துக்குச் செயலாளர். டீ, காப்பி எதுவும் தொடாதவர். வண்டியிலேயே பால்பவுடர் டப்பா வைத்திருந்து கலக்கிக் குடிப்பார். அதனால் அவருக்குப் பால்டப்பா என்றே பெயர்.

"அண்ணி, இது அநியாயம்," என்றார் பால்டப்பா. "பால் குடிக்கிறவனைப் பாத்துத் தண்ணியில மிதக்கறேன்னு எழுதிட்டீங்களே."

"ஐயோ, வண்டி மிதக்கறதைச் சொன்னேன்!"

"எங்களைத்தான் தண்ணி வண்டின்னு சொல்றீங்களா?"

"அந்தத் தண்ணி இல்லீங்க! வெறும் தண்ணி!"

"வெறும் தண்ணியில யாரு அண்ணி மிதப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது ரேடியோ. வாயை மூடாத டிரைவர் அவன். கம்பெனியில் எந்தச் செய்தியும், முதலாளி அறைக்குள் பேசினதுகூட, அவன் வழியாகத்தான் பரவும். "ஆனா அந்தக் காலியா இருந்தா சீக்கிரம் மிதப்பீங்கன்னு எழுதினீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு உண்மை. வெறும் வயித்துல போட்டா சட்டுனு ஏறிடும்."

"காலின்னா வண்டி காலிப்பா! லோடு ஏத்தாத வண்டி!"

"லோடு ஏத்தாம எப்படி அண்ணி மிதக்கறது?"

கூட்டம் சிரித்தது. பால்டப்பா சிரிக்கவில்லை. கண்டனமாக அன்று முழுவதும் டிரைவர்கள் யாரும் கம்பெனி டீயைத் தொட மாட்டார்கள் என்று அறிவித்தார். அதனால் அவருக்குத் தனிப்பட்ட நஷ்டம் எதுவும் இல்லை.

அண்ணி நோட்டீஸைக் கிழித்தாள்.

சரி, ஆட்கள்தான் இப்படி, வண்டியாவது எப்படி இருக்கிறது என்று லாரிகளுக்கு நடுவே போய் ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தாள். பள்ளங்கள் ஆழமாக, விரல் நுனி உள்ளே போகிற மாதிரி இருந்தன. காற்றும் கச்சிதமாக இருந்தது. வாசலோரம் கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், எல்லா வண்டிக்கும் காற்று பிடிக்கிற காத்துக்காரர்.

"டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு இல்லையாண்ணே?" என்று அவரிடம் கேட்டாள்.

"ம்," என்றார் அவர். ஆள் வாயைத் திறப்பது அபூர்வம். அவருக்கும் சேர்த்துக் கம்ப்ரஸர் கத்திக்கொண்டிருக்கும்.

டயர்களைப் பார்த்தால் குறையில்லை. தலைகளைப் பார்த்தால்தான் அண்ணிக்குப் பயமாக இருந்தது.

அவளுடைய அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். "தண்ணின்னு எழுதினா இப்படித்தான் ஆகும். நல்ல தமிழ்ல எழுது. நீர்ச்சறுக்கல். எவனாவது வாயைத் திறப்பானா பாரு," என்றாள். நடுவில் ஒற்று விட்டுப் போகக் கூடாது என்று தனியாக இன்னொரு தடவை போன் செய்தும் சொன்னாள்.

இரண்டாவது நோட்டீஸ் இப்படி இருந்தது:

'நீர்ச்சறுக்கல் எச்சரிக்கை! வேகமாகப் போனால் நீர்ச்சறுக்கல் வரும். வந்துவிட்டால் சட்டென்று நிறுத்தப் பார்க்காதீர்கள். காலை மெல்லத் தளர்த்தி, பதறாமல் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.'

இந்தத் தடவை கூட்டம் வரவில்லை. சத்தம் கூட இல்லை. டிரைவர்கள் நோட்டீஸைப் படித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். அண்ணிக்கு மனம் நிறைந்துபோயிற்று. கடைசியில் ரேடியோ மட்டும் மேஜைக்கு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"அண்ணி, கேக்கவே கூச்சமா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னப்பா கூச்சம்? எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

"வரும்போது எரிச்சல் இருக்குமா?"

"எரிச்சலா?" அண்ணிக்குக் குரல் உயர்ந்தது. "உயிரே போயிடும்பா! கண்ட்ரோல் நம்ம கையிலயே இருக்காது. அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போகும்!"

ரேடியோவின் முகம் வெளுத்தது. "அப்ப இது ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வருமா?"

"ஓட்டறவங்க யாருக்கு வேணா வரும். பொம்பளை ஓட்டினா பொம்பளைக்கும் வரும்."

அவன் வெளியே போய் என்ன சொன்னானோ, மறுநாள் காலையில் புறப்பட வேண்டிய லாரி ஒன்றுகூட நகரவில்லை. டிரைவர்கள் அத்தனை பேரும் பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் ஒரு சின்ன பாட்டில். டாக்டர் கம்பெனிக்குப் போன் செய்து, அங்கே குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். சரக்கு அனுப்பக் கொடுத்திருந்தவர்கள் முதலாளிக்குப் போன் செய்தார்கள். முதலாளி அண்ணியின் மேஜைக்கு வந்தார்.

"டயரைப் பத்திப் பேசச் சொன்னா, என்னத்தைம்மா பேசி வெச்சிருக்கீங்க?"

"டயரைப் பத்தித்தாங்க பேசினேன்."

"எந்த டயரு? என் பையன் வயசு டிரைவர் ஒருத்தன் வந்து, முதலாளி, எனக்கு நேராப் பிடிக்க வரலை, லீவு குடுங்கன்னு அழறான்!"

அண்ணி நோட்டீஸை மறுபடி படித்துப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு கண்ணோடு படித்தாள். காது வரைக்கும் சிவந்துபோய் அதையும் கிழித்தாள்.

சாயங்காலம் வீட்டில் மகள் கேட்டாள். "இன்னிக்காவது புரிஞ்சுதாம்மா அவங்களுக்கு?"

"இல்லடி. மழை வர்ற நேரமாச்சு. இன்னும் ஒருத்தனுக்கும் புரியலை."

"நீ வண்டி கத்துக்கும்போது அப்பா சொல்லுவாரே, உங்கம்மாவுக்கு வாயால சொன்னா ஏறாது, காட்டினாத்தான் ஏறும்னு. அந்த மாதிரி காட்டிடேன்."

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அதுதான் வழி. காட்டிவிட வேண்டியதுதான்.

கிடங்குக்குப் பின்னால் நீளமாக, அளவுகோல் மாதிரி நேராக ஒரு தனித் தார்ப்பாதை உண்டு. ஒரு இடத்தில் லேசாகத் தாழ்ந்திருக்கும். அதில் தண்ணீரைக் கொட்டி, காலி வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினால், டிரைவர்கள் உயரமான சரக்கு மேடையில் பத்திரமாக நின்று பார்க்கலாம். மறுநாள் ஆபீஸிலிருந்து தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்க டிரைவருங்க எல்லாருக்கும் தண்ணி காட்டணுங்க... ஆமா, நிறைய வேணும். தாராளமா ஊத்தணும், கஞ்சத்தனம் கூடாது... கிடங்குக்குப் பின்பக்கமா வந்துடுங்க... இல்லைங்க, முதலாளிக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ரேடியோ நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

வெள்ளிக்கிழமை காலையில் சரக்கு மேடை நிரம்பி வழிந்தது. இதுவரை எந்தப் பாதுகாப்பு வகுப்புக்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை. லீவில் இருந்தவர்கள் வந்திருந்தார்கள். காலில் கட்டுப் போட்டவர் ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள், தலையில் எண்ணெய், சட்டைப் பையில் வறுத்த கடலைப் பொட்டலம். ரேடியோ ஒரு கட்டு பிளாஸ்டிக் டம்ளர் கொண்டுவந்திருந்தான்.

"டம்ளர் எதுக்குப்பா?" என்றாள் அண்ணி.

"கையில ஊத்தினா மரியாதையா இருக்காதே அண்ணி."

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர்களின் மனைவிமார் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் பால்டப்பாவின் மனைவி.

"எங்க அந்த ஆளு? கல்யாணம் பண்ணின நாளிலேருந்து பாலைத் தவிர ஒண்ணு அந்த வாய்க்குள்ள போயிருக்குமா? அண்ணி அண்ணின்னு உருகுவாரு. அந்த அண்ணியே கூப்பிட்டுத் தண்ணி ஊத்தறாங்களாம்!" என்று மூக்கைச் சிந்தினாள். அழுகையின் நடுவில் ஒருமுறை நிறுத்தி, அண்ணியைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு மறுபடி தொடர்ந்தாள்.

இந்த நேரத்தில் தண்ணீர் லாரி வந்தது. குழாயைத் திறந்துவிட்டார்கள். பாதையின் தாழ்வில் தண்ணீர் விரிந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மேடையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கலக்கற தண்ணி வந்துடுச்சு," என்றான் ரேடியோ. "தண்ணி எப்ப அண்ணி வரும்?"

"இதுதாம்பா தண்ணி!"

"இதுவா?"

"இதேதான்! இதைத்தான் நான் முதல் நாளிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்!"

மனைவிமார் முகத்தில் தெளிவு வந்தது. டிரைவர்கள் கடலையை மெல்லுவதை நிறுத்திக்கொண்டார்கள். இருப்பதில் நிதானமானவர் என்று அண்ணி பால்டப்பாவையே வண்டி ஓட்டக் கூப்பிட்டாள். அவர் மேடையை விட்டு இறங்க மறுத்தார்.

"தண்ணியில ஓட்ட மாட்டேன்னு இப்பத்தான் வீட்டுக்காரி தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன் அண்ணி. எல்லாரும் பாத்தாங்க."

ஓட்ட ஆளில்லை. தண்ணீர் வேறு மெல்ல ஓரமாக வடிந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. நானே ஓட்டிவிடுகிறேன் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காலி லாரியின் படியில் ஒரு கால் வைத்தாள்.

அப்போதுதான் பாதையின் கோடியில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஆபீஸில் குடிக்கூத்து நடக்கிறது என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கையும் களவுமாகப் பிடிக்கப் பின்வழியாக வந்துகொண்டிருந்தார். எப்போதும் வருகிற வேகத்தைவிடக் கோபம் சேர்ந்த வேகம்.

"வேகத்தைக் குறைங்க!" என்று அண்ணி இரண்டு கையையும் ஆட்டினாள்.

வரவேற்பு என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இன்னும் மிதித்தார்.

கார் தண்ணீரைத் தொட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை மாதிரி எழும்பியது. அப்புறம் காரின் சத்தமே மாறிப்போயிற்று. சக்கரம் தரையில் ஓடுகிற சத்தம் போய், எண்ணெய் விட்ட மாதிரி ஒரு மௌனம். ஸ்டீயரிங்கை முதலாளி இடப்பக்கம் திருப்புவது எல்லாருக்கும் தெரிந்தது. கார் வலப்பக்கம் போயிற்று. அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். கார் அதைப் பொருட்படுத்தாமல், தட்டில் வைத்த வெண்ணெய்க்கட்டி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, பாதையோரம் யாரோ புதிதாக அடுக்கி வைத்திருந்த தேய்ந்த டயர்க் குவியலில் மெத்தென்று போய்ச் சாய்ந்தது. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

கதவு திறந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக, கார் நின்ற பிறகு.

மேடையிலிருந்து ரேடியோ கேட்டான். "என்ன முதலாளி, காலையிலயேவா?"

"வாயை மூடுடா!" முதலாளி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "திருப்பினேன், திரும்பலை. பிரேக்கு போட்டேன், நிக்கலை. என் கார் எனக்கே அடங்கலை. என்னம்மா ஆச்சு எனக்கு?"

"பிரேக்கு போட்டது தப்புங்க," என்றாள் அண்ணி.

அவரைச் சரக்கு மேடைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு காரின் முன்சக்கரத்தருகே போய் நின்றுகொண்டு, அத்தனை பேரையும் பார்த்துப் பேசினாள். காகிதம் இல்லை, நோட்டீஸ் இல்லை.

"இந்த டயரைப் பாருங்க. வழுவழுன்னு இருக்கு. பள்ளம் இருந்தா அது வழியாத் தண்ணி வெளியில ஓடும். பள்ளம் இல்லைன்னா, இல்ல நாம வேகமாப் போனா, தண்ணிக்கு ஓட நேரம் இருக்காது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஆப்பு மாதிரிப் புகுந்து வண்டியைத் தூக்கிடும். காத்து குறைஞ்ச டயரைச் சுலபமாத் தூக்கும். காலி வண்டியை இன்னும் சுலபமாத் தூக்கும். தண்ணி தெரியும்போதே வேகத்தைக் குறைச்சிடணும். மீறித் தூக்கிடுச்சுன்னா திருப்பக் கூடாது, பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை மெல்ல எடுத்துட்டு, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, வண்டி அதுவாத் தரையைத் தொடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க அண்ணனுக்கும் இதுதான் நடந்துச்சு. இங்க டயர் அடுக்கி இருந்துச்சு. அங்க இல்லை."

தண்ணீர் லாரியின் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பால்டப்பாவின் மனைவி இப்போது சத்தம் இல்லாமல் அழுதாள்.

முதலாளி எழுந்தார். "கேட்டீங்களாடா? கண்ணாலயும் பாத்தாச்சு. இப்பவாவது புரிஞ்சுதா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பால்டப்பா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"புரியலை முதலாளி."

"என்னடா புரியலை?"

"காரு மிதந்துச்சு, சரி. அது சின்னது. லாரி எப்படி மிதக்கும்? அது எவ்வளவு பெருசு!"

"ஆமா முதலாளி," என்றது கூட்டம்.

"எனக்கும் ஒரு சந்தேகம் முதலாளி," என்றான் ரேடியோ. "அந்த டயர் அடுக்கை எப்பவும் கூடவே எடுத்துக்கிட்டுப் போகணுமா?"

முதலாளி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "இவனுங்களுக்கு நீங்க ஆயுசு பூராச் சொன்னாலும் ஏறாதும்மா!"

"சொல்றேங்க," என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புரியற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை போடச் சொல்றேன். அப்படியே என் காருக்கு நாலு டயரும் மாத்தச் சொல்லுங்க."

பெரிய மழை அடுத்த வாரமே வந்தது.

காலையில் லாரிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. மத்தியானம் வானம் இருண்டு, தகரக் கூரையில் சரளை கொட்டுகிற மாதிரி அடித்துப் பெய்தது. எதிர்க் கட்டடம் மறைந்துபோயிற்று. தெரு வாய்க்காலாக ஓடியது. சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று போன் மேல் போன் வந்தது. அண்ணி எடுத்து, "லேட்டாத்தாங்க வரும்," என்று சொல்லி வைத்தாள். ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அவள் போன் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். சொன்னதுதான் எவனுக்கும் புரியவில்லையே என்று நினைத்தபோது கை போனுக்குப் போய்த் திரும்பியது.

அவளால் உட்கார முடியவில்லை. மெத்தை போட்ட நாற்காலியை விட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், காத்துக்காரரின் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றாள். அவர் ஒரு பழைய டயரை நகர்த்தி அவள் உட்கார இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

சாலைப் பக்கமிருந்து நனைந்துகொண்டு வந்த ஒருவர், "ரெண்டு லாரி ரோட்டுக்குக் குறுக்கே கிடக்குதும்மா," என்று சொல்லிக்கொண்டு போனார்.

"என்ன கலருங்க?"

"பச்சை."

அவர்களுடையது மஞ்சள். அண்ணி கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளியும் வந்துவிட்டார். அவரும் குடையோடு நின்றார். கைபேசி அடித்தபோது, எடுத்து, "லேட்டா வரும். ஆனா வரும்," என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அண்ணியைத்தான் பார்த்தார்.

மழைத்திரைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. மிக மெதுவாக வந்தன. முன்னால் பால்டப்பாவின் லாரி. அதற்குப் பின்னால், ஒன்றை ஒன்று நெருங்காமல், நல்ல இடம் விட்டு இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. கல்யாண ஊர்வலத்தில் யானை வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல், தேங்கிய தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி, ஒதுங்க முடியாத இடத்தில் இன்னும் மெதுவாகி, ஒவ்வொன்றாக வாசலுக்குள் திரும்பின. முதலாளி ஒவ்வொரு வண்டிக்கும் கையைத் தட்டினார். குடை காற்றில் பறந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் குறைந்தது. ரேடியோவின் வண்டி. அது காலியாகத் திரும்பி வருகிற வண்டி.

அண்ணி குடையை மடக்கிவிட்டு மழையிலேயே சாலைக்குப் போனாள். உள்ளே வந்து சேர்ந்த டிரைவர்களும் வண்டியை விட்டு இறங்கி வந்து அவள் பின்னால் நின்றார்கள். கடைசியில், எல்லாவற்றையும்விட மெதுவாக, அதுவும் வந்தது. ரேடியோ கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

"அண்ணி! ரோட்டுல ஆறு ஓடுது அண்ணி! ஒரு இடத்துல தூக்கிடுச்சு. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. நான் காலை மெல்ல எடுத்தேன், நேராப் பிடிச்சேன், பிரேக்கு பக்கமே போகலை. வண்டி அதுவாத் தரையில உக்காந்துச்சு!" சொல்லிக்கொண்டே வந்தவன், பால்டப்பா முறைப்பதைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதாவது... கால் மரத்துப்போச்சு அண்ணி. அதனால எடுத்தேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணி அவன் சொன்ன பிற்பாதியைக் கேட்கவே இல்லை. அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அந்த மழையில் யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லா வண்டியும் வந்துவிட்டது. எல்லா டிரைவரும் நனைந்துபோய், முழுசாக, பசியோடு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நின்றார்கள். கம்பெனி டீ வந்தது. பால்டப்பாவுக்குப் பால் வந்தது.

மழை விட்டபின் அண்ணி காத்துக்காரரின் கொட்டகைக்குக் குடையை எடுக்கப் போனாள். அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"பாத்தீங்களாண்ணே? ஒருவழியாப் புரிஞ்சுக்கிட்டாங்க! நாளைக்கு முதல் வேலையா முதலாளிகிட்டப் போய்ச் சொல்லப் போறேன், எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, என் வேலை முடிஞ்சுதுன்னு."

காத்துக்காரர் பதறிப்போய்க் கம்ப்ரஸரை அணைத்தார். அவருடைய குரலை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஐயையோ, அதை மட்டும் சொல்லிடாதீங்கம்மா! முதல் நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே எல்லாப் பயலும் இங்க வரிசையில நின்னு டயரை மாத்தி, காத்தைப் பாத்துக்கிட்டுத்தான் போனானுங்க. புரிஞ்சுதுன்னு சொன்னா உங்க நாற்காலி போயிடுமேன்னுதான், இன்னிக்கு வரைக்கும் இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணுமே புரியலை."